இருபதாவது தலை

ஊசியக்காவை ஊர் ஜெயிக்க வைத்து அனுப்பியது ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவதற்காக. "இல்லை" என்பது அந்த வார்த்தை. அதைச் சொல்ல வேண்டிய நாள் இன்று. காலையில் கண் விழித்ததிலிருந்து அவளுக்குக் கோபம் அடங்கவில்லை.

அவள் நர்ஸாக இருந்தவள். ஊரிலிருக்கும் சின்ன ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் வார்டு அவள் பொறுப்பு. ஊரில் பாதிப் பேருக்கு அவள் கையால் ஊசி விழுந்திருக்கிறது. வலிக்காமல் போடுவாள் என்று அந்தப் பாதி மற்ற பாதியிடம் சொல்லி வைத்திருந்தது. தேர்தலில் நின்றபோது அதுவே ஓட்டாக விழுந்தது. கட்சி கிடையாது, கொடி கிடையாது. "ஆஸ்பத்திரிய மூட வராங்க. நான் போய் இல்லைன்னு சொல்லிட்டு வரேன்." இதுதான் அவளுடைய மொத்தப் பிரசாரமும். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஓட்டும் போட்டார்கள்.

ஆஸ்பத்திரியை மூடும் மசோதாவுக்கு மூடுகிற மசோதா என்று பெயர் இல்லை. "மருத்துவமனைகள் சீரமைப்பு மசோதா" என்று பெயர். அதன் கடைசிப் பக்கத்தில், மூட வேண்டிய ஆஸ்பத்திரிகளின் வரிசையில், அவளுடைய ஊர் நடுவில் எங்கேயோ கிடந்தது. இயந்திரங்களைக் கழற்றிப் பெரிய நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்களாம். அந்த இயந்திரங்களில் ஒன்றில்தான் அவளுடைய தம்பி வாரத்தில் மூன்று நாள் படுக்கிறான். அந்த மூன்று நாள் படுத்தால்தான் மிச்ச நாள் மனுஷனாக நடமாட முடியும். பெரிய நகரத்துக்குப் போய்த் திரும்ப ஒரு பகல் முழுசும் பஸ்ஸிலேயே போகும். ஒன்று அவன் அங்கேயே குடிபோக வேண்டும், அல்லது செத்துப்போக வேண்டும். இரண்டில் எது நடந்தாலும் மசோதாவுக்குச் சம்மதம்தான்.

காலையில் தம்பி போன் செய்தான்.

"அக்கா, வார்டுல டிவிய போட்டாச்சு. எல்லாரும் பாத்துட்டு இருக்கோம். உன் மூஞ்சி எப்ப வரும்?"

"மத்தியானம் ஆகும். நீ கைய ஆட்டாம படு. ஊசி நழுவும்."

"நீ போட்டாத்தான் நழுவாது. இப்ப இருக்கிற பொண்ணு கொசு கடிக்கிற மாதிரி நாலு இடத்துல குத்துது. அக்கா, சத்தமா சொல்லு என்ன? உன் குரல் கீச்சுக் குரல். முணுமுணுன்னு சொல்லிட்டு வந்துராத."

"கீச்சுக் குரல்லதான்டா உன்னப் படிக்க வெச்சேன்."

"அதான் உருப்படல."

அவள் போனை வைத்துவிட்டுச் சேலையைச் சரிசெய்துகொண்டு கிளம்பினாள்.

கூட்டத்தொடரின் கடைசி நாள் அது. அவைக்கு வெளியே நீண்ட தாழ்வாரத்தில், சுவரோரமாகப் பெட்டிகளும் பைகளும் அடுக்கி வைத்திருந்தார்கள். உறுப்பினர்கள் நேற்றே ஊருக்கு மூட்டை கட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். பாதிப் பேர் காலை ரயிலுக்கே கம்பி நீட்டியிருந்தார்கள். மீதிப் பேரின் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் கடைசி மணிக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்குக்கூட இதைவிடப் படிப்பில் அக்கறை இருக்கும்.

எதிர்க்கட்சியிலும் அதே கதை. அவர்களின் தலைவருக்கு அவையில் 'நடைப்பயிற்சி' என்று பட்டப்பெயர். ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்றைக் கண்டித்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டத்தோடு வெளியே நடந்துவிடுவார். அவருடைய உடம்புக்கு நல்லதுதான். ஊசியக்கா தாழ்வாரத்திலேயே அவரை மறித்துக்கொண்டாள்.

"அண்ணே, இன்னிக்கு ஒரு நாளு உள்ள இருங்க. ஆஸ்பத்திரி மசோதா வருது."

"வெளிநடப்புன்னு அறிவிச்சாச்சேம்மா."

"அறிவிச்சா என்ன? உள்ள வந்து இல்லைன்னு சொல்லிட்டு அப்புறம் நடங்க."

"அறிவிச்சுட்டு உள்ள உக்காந்தா அசிங்கமா இருக்காது?"

"ஜனங்க சாகுறது அசிங்கமா இல்லையா?"

"அதைக் கண்டிச்சுத்தானே வெளிநடப்பு பண்றோம்!" என்றார் அவர், விளங்காதவளுக்கு விளக்குகிற பொறுமையோடு. பிறகு கேன்டீனைப் பார்த்து நடந்தார். அவருக்குப் பின்னால் கட்சியே நடந்தது. அங்கே டீயும் பிஸ்கட்டும் தயாராக இருந்தன.

ஊசியக்கா உள்ளே போனாள்.

அவளுக்குக் கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் இடம். தூண் மறைப்பதால் தலைவர் நாற்காலியிலிருந்து பார்த்தால் அவள் தெரியமாட்டாள். கழுத்தைச் சாய்த்தால் அவளுக்கு நாற்காலி தெரியும். பக்கத்து இருக்கையில் ஆளுங்கட்சிக் கிழவர் ஒருவர். ஒரு காலத்தில் மந்திரியாக இருந்தவர். மேலிடத்துக்குப் பிடிக்காத எதையோ பேசிவிட்டு, கடைசி வரிசைக்குத் தள்ளப்பட்டவர். வாயைத் திறந்தால் கொட்டாவி விடுவதற்குத்தான் என்பதால் அவருக்குக் கொட்டாவி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

நாற்காலியில் இன்று தலைவர் இல்லை. அவரும் ஊருக்குப் போய்விட்டார். அவருக்குப் பதிலாக உட்கார்ந்திருந்தவர் ஒரு மாற்றுத் தலைவர். அவருக்கு முன்னால் தட்டச்சு செய்த தாள்கள். அவர் நிமிராமல் படித்தார்.

"கால்நடைத் தீவன மசோதா. ஆம் என்போர் ஆம் என்க இல்லை என்போர் இல்லை என்க ஆம் என்போரே மிகுதி மசோதா நிறைவேறியது."

எல்லாம் ஒரே மூச்சில். கடைசி வார்த்தையோடு சுத்தியல் மேசையில் விழுந்தது. 'ஆம்' என்று சொல்ல யாருக்கும் வாய் திறக்க நேரமில்லை. யாரும் திறக்கவும் இல்லை. பஸ் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிற மாதிரி அடுத்த தாள், அதற்கடுத்த தாள். நில அளவை. கூட்டுறவு. பத்திரப் பதிவு. ஒவ்வொன்றும் யாரோ ஒருத்தனுடைய கொல்லையையோ குடும்பத்தையோ தொடுகிற சட்டம். ஒவ்வொன்றும் தும்மி முடிக்கிற நேரத்தில் போய்க்கொண்டிருந்தது.

"எத்தன பேரு ஆம்னு சொன்னாங்க? ஒருத்தர் வாயும் அசையலியே!" என்றாள் ஊசியக்கா.

கொட்டாவி ஒரு கண்ணைத் திறந்தார். "சொன்னதா வெச்சுக்கணும்."

"உள்ள இருக்கிறதே பத்துப் பதினஞ்சு பேரு. இதுல சட்டம் போடலாமா?"

"இருவது பேரு இருந்தாத்தான் அவை. விதி அப்படி."

"அப்ப எப்படி நடத்துறாங்க?"

"எண்ணுனாத்தானே கம்மின்னு தெரியும். எண்ணச் சொல்லி எவனும் கேக்க மாட்டான். கேட்டா நாறிடும். இன்னிக்கு நீ கேட்டா நாளைக்கு உன் ஆட்சில நான் கேப்பேன். அதனால ரெண்டு பக்கமும் வாய மூடிக்கிறது." கண்ணை மூடிக்கொண்டார். "நல்ல ஏற்பாடு."

அவளுக்குச் சுருக்கென்றது. வார்டில் ஒவ்வொரு ஷிஃப்ட் மாறும்போதும் தலை எண்ணித்தான் ஒப்படைப்பார்கள். ஒரு தலை குறைந்தால் தேடிக் கண்டுபிடிக்கிற வரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது. இங்கே ஒரு நாட்டையே எண்ணாமல் ஒப்படைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சுகாதார மந்திரி எழுந்தார். அவருடைய மைக் மட்டும் சிவப்பு விளக்கோடு உயிர் பெற்றது. சீரமைப்பு என்றார். செறிவூட்டல் என்றார். நோயாளிகளின் நலன் என்றார். தாளைப் பார்த்துத்தான் சொன்னார், ஆனாலும் இரண்டு இடத்தில் தடுமாறினார். டயாலிசிஸ் என்கிற வார்த்தை அவர் வாயில் நுழையாமல் மூன்றாகப் பிரிந்து வெளியே வந்தது.

ஊசியக்கா தன் மைக்கின் பொத்தானை அழுத்தினாள். விளக்கு எரியவில்லை. மறுபடி அழுத்தினாள். மைக்கெல்லாம் மேலே கண்ணாடி அறையில் இருக்கும் ஒருத்தன் கையில். யாருக்கு உயிர் கொடுப்பது என்று அவனுக்கு மேலே இருப்பவர்கள் சொல்வார்கள். அவள் மைக்கை விட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

"நான் பேசணும்!"

மாற்றுத் தலைவர் நிமிரவில்லை. "பேச விரும்பும் உறுப்பினர் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும்."

"எழுதிக் குடுத்தேன்! நேத்தே குடுத்தேன்!"

"வந்து சேரவில்லை. அமருங்கள்." தாள் புரண்டது. "மருத்துவமனைகள் சீரமைப்பு மசோதா. ஆம் என்போர் ஆம் என்க இல்லை என்போர் இல்லை என்க..."

"இல்லை!"

தம்பி சொன்னது சரி. கீச்சுக் குரல்தான். அந்தப் பெரிய மண்டபத்தில் அது நாற்காலிகளின் பஞ்சுக்குள் போய் அமுங்கிவிட்டது. முன்வரிசையில் ஒருத்தன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். இத்தனை மாசம் ஊர் காத்திருந்தது, தம்பி கையில் ஊசியோடு டிவி முன்னால் படுத்திருந்தது, அவள் கதவு கதவாக ஏறி இறங்கியது எல்லாம் அந்தச் சிரிப்புக்குள் அடங்கிப்போனது.

"...ஆம் என்போரே மிகுதி மசோதா..."

"எண்ணுங்க!" அவள் இருக்கையை விட்டு நடைபாதைக்கே வந்துவிட்டாள். "எண்ணிக்கை கேக்கிறேன்! தலைய எண்ணிட்டு அப்புறம் தட்டுங்க!"

சுத்தியல் காற்றில் நின்றது.

அன்றைக்கு முதல்முறையாக மாற்றுத் தலைவர் நிமிர்ந்து பார்த்தார். யாரோ தட்டில் கரப்பான் பூச்சியைப் போட்ட மாதிரி இருந்தது அவர் முகம். கீழே உட்கார்ந்திருந்த அவைச் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் எழுந்து, கிசுகிசுத்து, பிறகு வேறு வழியில்லாமல் உரக்கவே விதியைப் படித்தார்.

"எண்ணிக்கை கோரப்பட்டால் மணி ஒலிக்கப்படும். மணி ஓயும் வரை உறுப்பினர்கள் உள்ளே வரலாம், வெளியே போகலாம். ஓய்ந்ததும் கதவு பூட்டப்படும். உள்ளே இருப்பவர் எந்தப் பக்கம் வாக்களித்தாலும் எண்ணிக்கையில் சேர்வார். தலைவரையும் சேர்த்து இருபதுக்குக் குறைந்தால் அன்றைய அவை கலையும்."

ஊசியக்கா இதையெல்லாம் கேட்டாள். ஆனால் அவள் காதுக்குள் ரத்தம் இரைந்துகொண்டிருந்தது. இனி ஒவ்வொருத்தராக எழுந்து சொல்வார்கள். அவளும் எழுந்து சொல்வாள். கேமரா அவள் மூஞ்சிக்கு வரும். அதுதான் அவளுக்குள் ஓடியது.

மணி அலறத் தொடங்கியது.

ஆளுங்கட்சிக் கொறடா எங்கிருந்தோ பாய்ந்து வந்தார். வாக்கெடுப்பில் கட்சிக்காரர்களை மேய்ப்பதுதான் அவர் வேலை. மேய்க்க இன்றைக்கு ஆடுகள்தான் இல்லை. அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் ஓடினார். "டேய், வாங்கடா! எங்கடா ஒழிஞ்சீங்க!" என்ற சத்தம் கேன்டீன் வரை போவது உள்ளே கேட்டது. ஒருத்தர் ஈரக் கையோடு வந்தார். இன்னொருத்தர் வாய் நிறைய பிஸ்கட்டோடு வந்து, நாற்காலியில் விழுந்து மென்றார். ஒருத்தரைப் பெட்டியோடு, வாசலில் ஆட்டோ ஏறப்போனவரைப் பிடித்திழுத்து வந்தார்கள். "ரயிலுக்கு நேரமாச்சுய்யா," என்று அவர் அழாத குறையாகச் சொன்னார்.

ஊசியக்கா கூடவே எண்ணினாள். வார்டுப் பழக்கம் அது; எண்ணுகிறவள் தன்னைச் சேர்ப்பதில்லை. கட்டில் கட்டிலாகக் கண் ஓடியது. பதினாறு. பதினேழு. கொட்டாவியைச் சேர்த்துப் பதினெட்டு. மாற்றுத் தலைவரையும் சேர்த்தால் பத்தொன்பது.

இன்னொருத்தன் வந்துவிட்டால் முடிந்தது என்று அவள் கதவைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. கொறடா மட்டும் மூச்சு வாங்க உள்ளே வந்து, நேராக அவளை நோக்கி நடந்தார். பத்தொன்பதில் அவரும் ஒருவர். அவர் முகத்தில் வேர்வை இருந்தது, ஆனால் கவலை இல்லை.

"என்னக்கா, கடைசி நாளு இப்படி ஓட விட்டுட்டீங்களே!"

"ஓடுங்க. உடம்புக்கு நல்லது."

"ஒப்புக்குச் சப்பாணியா மூலைல உக்காந்திருப்பீங்கன்னு பாத்தேன். பரவால்ல, விவரம்தான்." அவர் குனிந்து, உதவி செய்கிற குரலில் சொன்னார். "உங்க இஷ்டப்படியே ஆகட்டும். மேல சொல்லி உங்க மைக்க ஆன் பண்ணச் சொல்லிட்டேன். கேமராவையும் இந்தப் பக்கம் திருப்பச் சொல்லிட்டேன். நல்லா நின்னு, உங்க ஊருக்கே கேக்குற மாதிரி 'இல்லை'ன்னு சொல்லுங்க. உங்களுக்கும் பேரு, எங்களுக்கும் கணக்கு சரியாயிடும். உங்களோட சேத்துக் கரெக்டா இருவது."

அப்படிச் சொல்லிவிட்டுச் சிரித்தார். மனசாரச் சிரித்தார். இந்த மனுஷர் பார்த்த உறுப்பினர்கள் எல்லோரும் டிவியில் மூஞ்சி வந்தால் போதும் என்று இருந்தவர்கள். இவளும் அப்படித்தான் என்று அவர் நினைத்ததில் தப்பு சொல்ல முடியாது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் வரை அவளும் அப்படித்தான் இருந்தாள்.

அவளுடைய மேசையில் மைக்கின் விளக்கு சிவப்பாக எரிந்தது. எத்தனையோ நாள் அழுத்தி அழுத்தி எரியாத விளக்கு.

'உங்களோட சேத்து.'

செயலாளர் படித்தது இப்போதுதான் உள்ளே இறங்கியது. எந்தப் பக்கம் வாக்களித்தாலும் எண்ணிக்கையில் சேரும். அவள் உள்ளே நின்று எத்தனை சத்தமாக 'இல்லை' என்று கத்தினாலும், அந்தக் கத்தல் இருபதாவது தலையிலிருந்துதான் வரும். பத்தொன்பது பேருக்கு மசோதாவை நிறைவேற்ற யோக்கியதை கிடையாது. அவளுடைய 'இல்லை'தான் அவர்களுக்கு அந்த யோக்கியதையைக் கொடுக்கப்போகிறது. ஊர் கூடி, கையெழுத்துப் போட்டு, பஸ் ஏற்றி அனுப்பியது இந்தக் களவாணிகளுக்கு ஒரு தலை குறைகிறது, அதை நிரப்பிவிட்டு வா என்பதற்கா?

தூ என்று துப்ப வேண்டும் போல இருந்தது. யார் மேல் துப்புவது என்றுதான் தெரியவில்லை. கேமரா திரும்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணாடிக் கண்ணுக்கு அந்தப் பக்கம் வார்டு இருக்கிறது; வார்டில் ஆறு கட்டில், ஆறு பேர், தம்பி, அவன் பெண்டாட்டி, புதுசாக வந்த அந்தக் குத்தத் தெரியாத பெண். எல்லோரும் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இப்போது அவள் எழுந்து வெளியே நடந்தால் அவர்களுக்கு என்ன தெரியும்? எண்ணச் சொல்லிவிட்டு, எண்ணுவதற்கு முன்னால் ஓடிப்போகிற ஒரு பெண்பிள்ளையின் முதுகு தெரியும்.

மணி இன்னும் அலறிக்கொண்டிருந்தது. ஆனால் அதன் குரல் கம்மத் தொடங்கியிருந்தது.

ஊசியக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

"அக்கா, எங்க?" என்றார் கொறடா.

"பாத்ரூமுக்கு."

"இப்பவா? கொஞ்சம் அடக்கிக்கக் கூடாதா?"

"கால் நூற்றாண்டா அடக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவள் வேகத்தைக் கூட்டினாள். அப்போதுதான் கொறடாவுக்கு உறைத்தது. முகம் வெளிறிப்போனது. "ஏய், பிடிங்க! கதவ மூடுய்யா!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடி வந்தார். கதவருகே நின்ற அவைக்காவலன் அசையவில்லை. மணி ஓயும் வரை கதவு திறந்திருக்க வேண்டும் என்பது அவனுக்கு உத்தரவு. யார் கத்தினாலும் மணி கத்துவதைத்தான் அவன் கேட்பான்.

கொறடா வாசலில் அவளை எட்டிப்பிடித்து, குறுக்கே கையை நீட்டினார். "அக்கா, விளையாடாதீங்க. உள்ள வாங்க. உங்க ஊருக்கு ரோடு கேட்டீங்கள்ல, நான் பேசுறேன். சத்தியமா பேசுறேன்."

"கைய எடு."

"உங்களுக்கு மைக்கெல்லாம் வாங்கிக் குடுத்தேனேக்கா!"

"மேல கை பட்டுச்சுன்னா ஊசி போடுற இடத்துல போட மாட்டேன், போடக் கூடாத இடத்துல போடுவேன். எடுடா கைய!"

அந்த 'டா' அவரை ஒரு அடி பின்னுக்குத் தள்ளியது. பின்னுக்கு என்றால் தாழ்வாரத்துப் பக்கம். அவளை மறிக்கிற வேகத்தில் அவர் ஏற்கெனவே வாசலைத் தாண்டி வெளியே வந்திருந்தார். அவளும் வெளியே வந்தாள். மணி ஓய்ந்தது. அவைக்காவலன், தன் வேலை தனக்கு என்பது போல, இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

கொறடா கதவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு கதவில் இரண்டு கையாலும் அடிக்கத் தொடங்கினார். "திறங்கய்யா! நான் கொறடாய்யா!"

உள்ளே செயலாளர் எண்ணும் சத்தம் கேட்டது. பதினெட்டோடு நின்றது.

மாற்றுத் தலைவரின் குரல் முதல்முறையாக மூச்சு விட்டு விட்டுப் பேசியது. போதிய உறுப்பினர்கள் இல்லை, அவை கலைகிறது, கூட்டத்தொடர் முடிகிறது, மசோதா அடுத்த கூட்டத்தொடருக்கு எடுத்துக்கொள்ளப்படும். அடுத்த கூட்டத்தொடர் எப்போது என்று அவருக்கே தெரியாது. மாசக் கணக்காகும். அவ்வளவுதான் கிடைத்தது. அடுத்த முறை இருநூறு பேரையும் சங்கிலி போட்டாவது உட்காரவைப்பார்கள். அது ஊசியக்காவுக்கு நன்றாகத் தெரியும்.

கதவு திறந்ததும் ஆட்களும் பெட்டிகளும் வெளியே கொட்டின. ரயிலுக்குப் போக வேண்டியவர் தலைதெறிக்க ஓடினார். கொட்டாவி கடைசியாக, அவசரமில்லாமல் வந்தார். அவள் பக்கத்தில் நின்றார்.

"கெட்டிக்காரி நீ," என்றார் மெதுவாக. "எனக்குப் புரிஞ்சுது."

"புரிஞ்சதுல்ல? வெளிய பத்திரிகைக்காரங்க நிக்கிறாங்க. அவங்ககிட்டச் சொல்லுங்க. நான் ஏன் வெளிய வந்தேன்னு சொல்லுங்க."

"நானா?" அவருக்குத் தூக்கம் முழுசாகக் கலைந்தது. "அடுத்த தடவ எனக்குச் சீட்டு வேணும்மா."

"செத்த அப்புறம் எதுக்குய்யா உமக்குச் சீட்டு?"

"சாகுற வரைக்கும்தான்," என்று சொல்லிவிட்டுக் கிழவர் நடந்தார். கொட்டாவியைக்கூடக் கையால் மறைக்கவில்லை.

வெளிப் படிக்கட்டில் மைக்குகளின் காடு நின்றது. அந்தக் காட்டுக்கு நடுவில் நடைப்பயிற்சி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். உதட்டோரத்தில் பிஸ்கட் தூள்.

"எங்கள் கட்சியின் வெளிநடப்பால்தான் இந்த மக்கள் விரோத மசோதா வீழ்ந்தது! நாங்கள் உள்ளே இருந்திருந்தால் நிறைவேறியிருக்கும்! தொலைநோக்கோடு வெளியேறினோம்!"

அவள் கூட்டத்துக்குள் புகுந்து, "நான் சொல்றேன், கேளுங்க," என்றாள். ஒரு பையன் மைக்கைத் திருப்பினான். "அக்கா, எண்ணச் சொல்லிட்டு ஏன் ஓடுனீங்க? மிரட்டுனாங்களா? எதாவது வாங்குனீங்களா?" அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கொறடா வந்துவிட்டார். "ஓட்டுப் போடுற நேரத்துல அவங்க ஓடிட்டாங்க. எங்க மசோதாவ எதிர்க்க அவையில ஒருத்தர்கூட இல்ல. அதைத்தான் நீங்க எழுதணும்," என்றார். எல்லா மைக்கும் அந்தப் பக்கம் சாய்ந்தன. சொன்னால் ஒருத்தனுக்கும் விளங்கப்போவதில்லை. நின்று சொல்கிற வார்த்தையை விட்டுவிட்டுப் போனவள், போனதால்தான் மசோதா நின்றது என்று சொன்னால் சிரிப்பார்கள். அவளே இன்று காலையில் கேட்டிருந்தால் சிரித்திருப்பாள்.

பஸ் நிறுத்தத்தில் நின்றபோது தம்பியின் போன் வந்தது. அவள் எடுக்கத் தயங்கினாள். பிறகு எடுத்தாள்.

"என்ன பண்ணித் தொலைச்ச?"

அவன் குரலில் ஏறியிருந்த கோபம் அவளுக்குப் பழக்கமான கோபம்தான். அவளிடமிருந்து போனது.

"டேய், கேளு. நான் உள்ள இருந்திருந்தா இருவது ஆயிருக்கும். நான் வெளிய வந்ததாலதான்..."

"ஊரே பாத்துச்சு! வார்டே பாத்துச்சு! பைய எடுத்துட்டு ஓடுற! பின்னாலயே அந்த ஆளு ஓடி வரான்! எதிர்க்கட்சிக்காரங்கதான் நிறுத்துனாங்களாம், டிவில போடுறான். நீ என்னத்தக் கிழிச்ச?"

"அவனுங்க கேன்டீன்ல தின்னுட்டு இருந்தானுங்கடா!"

"ஒரு வார்த்த! ஒரே ஒரு வார்த்த சொல்லத்தானே அனுப்புனோம்! பக்கத்துக் கட்டில் பெரியவரு மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. எனக்கு என் மூஞ்சிய எங்க வெச்சுக்கிறதுன்னு தெரியல."

"சொன்னேன்டா. மைக் இல்லாம சொன்னேன்."

"எவனுக்குக் கேட்டுச்சு?"

அவளுக்கு அழுகை வரவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று வந்தது. கொறடாவிடம் சொல்ல வேண்டிய வார்த்தைகள், கொட்டாவியிடம் சொல்ல வேண்டியவை, படிக்கட்டில் நின்ற துண்டுக்காரனிடம் சொல்ல வேண்டியவை. எல்லாம் நுனி நாக்கில் வந்து, படுத்துக் கிடக்கிற ஒருத்தன் மேல் விழப் பார்த்தன. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"மிஷின் ஓடுதா?" என்று கேட்டாள்.

"என்னது?"

"மிஷின் ஓடுதாடா?"

"ஓடாம? பேச்ச மாத்தாத. வீட்டுக்கு வா, உன்ன..." அவன் அதற்கு மேல் சொல்லவில்லை. மூச்சு வாங்கியது. போனை எங்கேயோ எறிகிற சத்தம், கட்டிலில் மோதுகிற சத்தம். அவன் பெண்டாட்டி, "ஏங்க, கைய ஆட்டாதீங்கன்னு சொன்னாங்கல்ல," என்பது தூரத்தில் கேட்டது.

கோபத்தில் எறிந்தவன் அழைப்பைத் துண்டிக்க மறந்துவிட்டான். எப்போதும் மறக்கிற கழுதை.

ஊசியக்கா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பஸ் வந்தது, அதில் ஏறி நின்றாள். பக்கத்தில் நின்றவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "நீங்கதான டிவில ஓடுனது?" என்றான்.

"ஆமா," என்றாள். "நகரு. எனக்குக் கேக்கல."

போனுக்குள் மிஷினின் பம்பு சுற்றிக்கொண்டிருந்தது. சர்ர், டக். சர்ர், டக். கால் நூற்றாண்டாகக் கேட்ட சத்தம். அடுத்த கூட்டத்தொடர் வரைக்கும் அது அந்த ஊரிலேயே சுற்றும். தம்பி அதில் படுத்துக்கொண்டு அவளைத் திட்டிக்கொண்டிருப்பான்.

திட்டட்டும். திட்டுவதற்குத் தெம்பு வேண்டும். அந்தத் தெம்பை அது ஏற்றிக்கொண்டிருக்கிறது.